யசுகுனியை ஏன் அடித்துவிட்டீர்கள்?

சியோலில் படிக்கும் மலேசியத் தமிழ் மாணவ நண்பர்களுக்கு,

வரும் நீண்ட வார இறுதியில் டோக்கியோ போக நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். அசாகுசா இருக்கிறது, ஷிபுயா இருக்கிறது, அகிஹபாராவுக்கு அரை நாள் இருக்கிறது, ராமென் கடை வரிசையில் நிற்கக்கூட ஒரு மணி நேரம் ஒதுக்கியாயிற்று. போரில் இறந்த ஜப்பானியப் படையினரைத் தெய்வமாக வைத்திருக்கும் யசுகுனி ஆலயத்தை, நான் சேர்க்கச் சொன்ன ஒரே இடத்தை மட்டும் யாரோ அழுத்தமாகக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள்.

விசாரித்ததில் இரண்டு காரணம் வந்தது. யசுகுனிக்குப் போனது தெரிந்தால் விடுதியில் நம்மோடு இருக்கும் கொரிய நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்று. இன்னொன்றை ஒரு தம்பி நேராகவே கேட்டான்: “நம்ம பூட்டனைச் சயாமுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கொன்னவன் கும்புடுற கோயில். அங்க காசு குடுத்து டிக்கெட் வாங்கி அவன் புளுகை வேற படிச்சிட்டு வரணுமா அக்கா?”

நியாயமான கேள்வி. கோபத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வார இறுதியில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் என்ற முறையில், நீங்கள் போகத்தான் வேண்டும் என்கிறேன். 1982-இல் மகாதீர் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின் வழியாக ஜப்பானுக்கே படிக்கப் போகிற நம் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுவதால் இது திறந்த மடலாகிவிட்டது.

முதலில் டிக்கெட் பேச்சை முடித்துவிடுகிறேன். யசுகுனி ஆலய வளாகத்துக்குக் கட்டணம் கிடையாது. வளாகத்துக்குள் இருக்கும் யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்துக்கும் கிடையாது. உள்ளே இருக்கும் காட்சிக்கூடங்களுக்கு மட்டும்தான் டிக்கெட். நாம் பார்க்க வேண்டிய முதல் பொருள் அந்த முன்கூடத்திலேயே நிற்கிறது. ஒரு பக்கம் கரும்பச்சை நிறத்தில் ஜீரோ போர் விமானம். இன்னொரு பக்கம் கன்னங்கரேலென்று ஒரு நீராவி எஞ்சின். எண் பலகையில் ‘சி56 31’.

நம் வீடுகளில் சயாம் மரண ரயில் என்பார்களே, இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் போட்ட அந்தத் தாய்லாந்து-பர்மா பாதையில் ஓடிய எஞ்சின் அது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. பெரிய சக்கரங்கள் ஏறக்குறைய என் தோள் உயரம். புகைபோக்கியிலிருந்து இணைப்புத் தண்டு வரை துடைத்து, சாயம் பூசி, ஒரு துளி துரு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் விளக்கப் பலகை. 1936-இல் ஜப்பானில் கட்டப்பட்டது, போர்க்காலத்தில் தென்கிழக்காசிய முனைக்கு அனுப்பப்பட்ட இந்த வகை எஞ்சின்கள் 90-இல் ஒன்று, தாய்லாந்து-பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடியது, போருக்குப் பின் தாய்லாந்து ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றது, பாதை போட்ட படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் பணம் திரட்டி மீட்டு 1979-இல் ஆலயத்துக்குக் காணிக்கையாக்கினார்கள் என்ற வரலாறு அது. எல்லாம் உண்மைதான், பொய்யே இல்லை. அந்தப் பாதையில் யாராவது செத்தார்களா என்பதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

நான் நின்றுகொண்டிருந்தபோது ஓர் இளம் தகப்பன் தன் பையனைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்துப் படம் எடுத்தான். பையனுக்கு மூன்று வயது இருக்கும். ரயில் பைத்தியம் போல, இறங்கவே மாட்டேன் என்றான். அந்தத் தகப்பன்மீது எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பலகையில் இல்லாததை அவன் எங்கே போய்ப் படிப்பான்?

பலகையில் இல்லாததை நானே சொல்கிறேன். உங்களில் சிலருக்கு இது பாட்டி வாயிலிருந்து அரையும் குறையுமாகத்தான் வந்திருக்கும். 1942-இல் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு, சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குக் கப்பலில் சாமான் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. பர்மாவில் இருந்த படைக்குத் தரைவழி வேண்டும். தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காடும் மலையும் ஆறுமாக 415 கிலோமீட்டர். முன்பு பிரிட்டிஷ்காரர்கள் யோசித்துப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று கைவிட்ட வழி. அதை ஒன்றரை வருடத்துக்குள் முடிக்கச் சொல்லி உத்தரவு. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலையில் இறக்கப்பட்டார்கள். போதவில்லை. பர்மா, மலாயா, ஜாவா என்று பல இடங்களிலிருந்து ஆசியத் தொழிலாளர்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் 75,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்க இடம். ரப்பர் ஏற்றுமதி நின்று, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த லயத்து ஜனங்களில் சிலர் நம்பிப் போனார்கள். ஆள் வரத்து குறைந்ததும் கங்காணிகள், கிராணிகள் மூலம் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே கூட்ஸ் பெட்டியில் ஏற்றிய கதை பல ஊர்களில் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளுக்காவது சொந்த ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளை போடும் அதிகாரிகள் இருந்தார்கள், இறந்தவன் பெயரைக் குறித்து வைக்க ஒருவன் இருந்தான். அவர்களிலேயே 12,000-க்கு மேல் இறந்தார்கள். நம்மவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், அதாவது 90,000 பேர் வரை மடிந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது, எண்ணி வைக்கவில்லை.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு உள்ளே போய் அவர்கள் கதையை ஏன் படிக்க வேண்டும்? அந்தத் தம்பியின் கேள்வி அதுதான்.

யூஷூகானில் அந்தப் போருக்குப் பெயர் மாபெரும் கிழக்காசியப் போர். வெள்ளையர் ஆதிக்கத்தில் கிடந்த ஆசியாவில் நெருக்கடிக்கு ஆளான ஜப்பான், வேறு வழியின்றி வாளெடுத்தது என்பது சாரம். அமெரிக்கா எண்ணெயை நிறுத்திக் கழுத்தை நெரித்தது என்று விரிவாகப் பேசும் சுவர், நான்ஜிங் படுகொலைக்கு வரும்போது வாயை மூடிக்கொள்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. வக்கீல் வாதம் மாதிரி ஒவ்வொரு வரியிலும் எதை விட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே நடந்தேன். அது ஒரு நல்ல பயிற்சி, அதற்காகவே நீங்கள் போகலாம்.

ஆனால் கடைசிப் பகுதியில் எனக்குக் கால் இடறியது. போருக்குப் பின் ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றதைக் காட்டும் பகுதி அது. எல்லாம் எங்கள் போர் மூட்டிய தீயால்தான் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். 1943 நவம்பரில் டோக்கியோவில் நடந்த மாபெரும் கிழக்காசிய மாநாட்டின் பேச்சும் வருகிறது. அந்த மாநாட்டில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர் சுபாஷ் சந்திர போஸ்.

நம்மில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் அவர் படம் இருக்கிறது? ஈப்போவில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி தொப்பியோடு நிற்கிறார். தோட்டத்துப் பிள்ளைகள், பால்வெட்டிய பெண்கள், காது வளையத்தைக் கழற்றிக் கொடுத்த கிழவிகள், இவர்களெல்லாம்தான் இந்திய தேசிய ராணுவத்தின் மலாயா முகம். ஜான்சி ராணிப் படையில் கேப்டன் லட்சுமியின் கீழ்த் துப்பாக்கி பிடித்தவர்களில் நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர். பின்னாளில் நம் நாட்டு அரசியலில் பெயர் பெற்ற ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையிலிருந்து வந்தவர்தான். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். இரு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தா அருகே இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. ரயில் பாதையின் திறப்பு விழா அக்டோபர் 25. எல்லாம் ஒன்பது நாளுக்குள். தமிழர்கள் ஒரு பக்கம் கைதட்டிக் கண்ணீர்விட்டு ‘டில்லி சலோ’ சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், இன்னொரு பக்கம் அவர்களின் அண்ணன் தம்பிகளைப் புதைத்த பாதையில் முதல் ரயில் கொடி கட்டிக்கொண்டு ஓடியது. இந்திய தேசிய ராணுவத்தினர் பலர் பர்மா முனைக்குப் போனதும் இதே பாதை வழியாகத்தான். சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்தே படையில் சேர்ந்தவர்களும் உண்டு என்று முதியவர்கள் சொல்வார்கள்.

அதாவது, ஜப்பான் ஆசியாவை விடுவிக்க வந்தது என்ற கதை வெறும் எதிரி வீட்டுக் கதை அல்ல. அதில் ஒரு துண்டு நம் வீட்டிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நம் தாத்தாக்களில் ஒருவருக்கு ஜப்பான்காரன் வழித்துணை, இன்னொருவருக்கு எமன். நாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. தீபாவளிக்கு நேதாஜி கதை பேசுவோம், திதி அன்று சயாம் கதை பேசுவோம், ஒன்றோடொன்று மோதவிட மாட்டோம். எதிரியின் கூடத்தில் நின்றபோதுதான் இரண்டும் என் தலைக்குள் மோதின.

வெளியே வந்தால் மோதல் இன்னும் கூடியது. வளாகத்தில் ராதா வினோத் பாலுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் இருந்த இந்திய நீதிபதி. குற்றம் சாட்டப்பட்ட தலைவர்கள் அனைவரும் நிரபராதிகள் என்று தனித் தீர்ப்பு எழுதியவர். 2005-இல் அவருக்கு இங்கே கல் எழுப்பினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயதான ஒரு ஜப்பானியர் அருகே வந்து, நீ இந்தியாவா என்று மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். மலேசியா, ஆனால் தமிழ் என்றேன். இரண்டாம் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. பால் நீதிபதிக்காக எனக்கு நன்றி சொல்லித் தலை வணங்கினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. பால் தன் தீர்ப்பில் இன்னொன்றும் எழுதினார், ஜப்பானியப் படை செய்த கொடுமைகளுக்குச் சாட்சியம் மலைபோல இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், அது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். உள்ளே நிற்கும் எஞ்சின் ஓடிய பாதையில்தான் என் பாட்டியின் அப்பா இறந்தார் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எந்த இடத்தில் என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்த மாதம்? அதுவும் தெரியாது. கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, காலராக் கொட்டகையில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னாராம். அவ்வளவுதான். அந்த ஜப்பானியரின் மாமாவும் அந்தப் பாதையில் போனவராம். ரயிலில் பர்மாவுக்கு, அங்கிருந்து 1944-இல் இம்பாலுக்கு. வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளை மரப்பெட்டி. திறந்தால் எலும்பு இல்லை, பெயர் எழுதிய ஒரு சீட்டு. அவருடைய பாட்டி சாகும்வரை அதை எலும்பென்றே வைத்திருந்தாராம்.

நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த நிமிடமே அவர், அந்தப் பாதையால் தாய்லாந்து மக்களுக்கு நன்மையும் உண்டே, இன்றும் ரயில் ஓடுகிறதே என்றார். ஆமாம், வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளத்திலும் எங்கள் ஊரில் இன்றும் ரயில் ஓடுகிறது, அதற்காக நாங்கள் யாரும் லண்டனில் போய் நன்றி சொல்வதில்லை என்றேன். சிரித்துவிட்டார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை. நானும் இல்லை. ஆனால் அவர் போன பிறகு மறுபடி உள்ளே போய், முதல் தடவை வேகமாகக் கடந்துவிட்ட படக்கூடத்தில் நின்றேன்.

நீங்கள் அவசியம் நிற்க வேண்டிய இடம் அது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், இறந்த இடம், சொந்த ஊர். தாய்மார்களுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் கண்ணாடிக்குள். கல்யாணம் ஆகாமல் செத்த மகனுக்காகப் பெற்றவள் காணிக்கையாகக் கொடுத்த மணப்பெண் பொம்மை, வெள்ளைக் கிமோனோவில், பக்கத்தில் அவன் படம். எங்கள் பாட்டி காலத்தில் கல்யாணமாகாமல் செத்த பிள்ளைக்கு வாழைக்கன்றுக்குத் தாலி கட்டி அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அம்மாவை அந்நியமாக நினைக்க முடியாது.

யசுகுனி 1869-இல் தொடங்கிய ஆலயம். அங்கே தெய்வமாக வைத்திருக்கும் பெயர்கள் 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொருவரும் பெயராகத்தான் இருக்கிறார்கள், உடலாக அல்ல. வளாகத்தில் போரில் செத்த குதிரைகளுக்குச் சிலை இருக்கிறது. நாய்களுக்கு இருக்கிறது. தூதுப் புறாக்களுக்கும் இருக்கிறது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. புறாவைக்கூட மறக்காத ஒரு சமூகம் யாரை மறந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

அந்தப் பெயர்களோடுதான் 1978 அக்டோபர் 17 அன்று, இலையுதிர்கால விழாவையொட்டி, போர்க்காலப் பிரதமர் தோஜோ உள்ளிட்ட ‘ஏ’ பிரிவுப் போர்க்குற்றவாளிகள் 14 பேரைச் சத்தமில்லாமல் சேர்த்தார்கள். (தண்டவாளம் இணைந்ததும் அக்டோபர் 17. தற்செயல்தான், ஆனால் எனக்கு உறுத்தியது.) அடுத்த ஆண்டுதான் நாட்டுக்கே தெரிந்தது. அதற்கு முன் அங்கே வந்துகொண்டிருந்த பேரரசர் ஹிரோஹிதோ 1975-க்குப் பிறகு ஒரு தடவையும் வரவில்லை. இந்தச் சேர்க்கைதான் காரணம் என்று காட்டும் அரண்மனை அதிகாரியின் குறிப்பு 2006-இல் வெளியானது. ஆகவே ஜப்பான் என்றால் ஒரே குரல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த ரயில் பாதையில் உள்ள காஞ்சனாபுரியில் ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி, சித்திரவதைக்குச் சாட்சியாக நின்ற பாவத்தைக் கழுவ நூறு தடவைக்குமேல் தாய்லாந்துக்குப் போய் வந்தவர். அவரும் ஜப்பானியர்தான்.

இனி, கொரிய நண்பர்கள் விஷயம். அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே போங்கள், நான் அப்படித்தான் செய்தேன். யசுகுனியின் பெயர்ப் பட்டியலில் கொரியர்கள் சுமார் 21,000 பேர் இருக்கிறார்கள். ஜப்பானியப் படைக்குக் கட்டாயப்படுத்தி இழுக்கப்பட்டுச் செத்தவர்கள் பலர். எங்கள் அப்பாவை உங்கள் தெய்வமாக்க வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள் என்று குடும்பங்கள் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. என் அறைத்தோழி இதைச் சொன்னபோது எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி அவர்கள் போராடுகிறார்கள். நமக்கோ எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

அவளிடம் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாதையின் முகாம்களில் காவல் நின்றவர்களில் பலர் கொரிய இளைஞர்கள். போர் முடிந்து குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்ட கொரியர்கள் 148 பேர், அவர்களில் 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஹின்டோக் முகாமில் காவலாளியாக இருந்த லீ ஹாக்-ரேவுக்கும் 1947-இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். ஜப்பானியனாகத் தண்டிக்கப்பட்டவர் உதவி கேட்டபோது, நீ ஜப்பானியன் அல்ல என்றது ஜப்பானிய அரசு. 2021-இல், 96 வயதில் இறக்கும்வரை அந்த நியாயத்துக்காகவும், தூக்கில் போன தோழர்களுக்காகவும் டோக்கியோவில் போராடிக்கொண்டிருந்தார். அவர் கையில் அடி வாங்கியவர்களுக்கு அவர் எதிரி. அவருக்கு எதிரி யார்? என் அறைத்தோழியும் நானும் அன்றிரவு வெகுநேரம் இதைப் பேசினோம். முடிவு ஒன்றும் எட்டவில்லை, ஆனால் நட்பு உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோத்தோ வட்டாரத்துக்குப் போங்கள். டோக்கியோ குண்டுவீச்சு, போர்ச்சேத ஆவண மையம் என்று ஒரு சிறிய கட்டடம், அரசுப் பணத்தில் அல்ல, மக்கள் நன்கொடையில் 2002-இல் திறந்தது. 1945 மார்ச் 10 நள்ளிரவில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை ஒரே இரவில் கொன்ற கதை அங்கே இருக்கிறது. ஜீரோ விமானமும் வீர வசனமும் இல்லாத ஜப்பானை அங்கேதான் பார்த்தேன். உருகிய கண்ணாடிப் புட்டிகளும், குழந்தைகளின் கருகிய துணிகளும். யசுகுனிக்கு மட்டும் போய்விட்டு வந்தால் பயணம் அரைகுறை என்பேன்.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான போர்க்கைதிகள், பெரும்பாலோர் ஆளுக்கொரு கல்லோடு, படுத்திருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி ஹாலிவுட் எடுத்த புகழ்பெற்ற படத்தில் தமிழனுக்கு இடமே இல்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு ‘ரத்தக் கடன்’ என்று 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்குச் சரக்கும் சேவையும் தந்தது. சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாலத்துக்கருகே இறந்த தொழிலாளர்களுக்காகத் தமிழிலும் எழுதி ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது, போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், ஜப்பானிய ராணுவமேதான். கொன்றவன் வைத்த கல் அங்கே எண்பது வருடமாக நிற்கிறது. நம் சமூகம் காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் வைக்க 2023 வரை ஆயிற்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலும் இல்லாவிட்டால், எழுத்தில் நம்மிடம் இருந்திருக்கக்கூடியது இன்னும் சொற்பம். வெள்ளைக்காரன் எண்ணவில்லை, ஜப்பான்காரன் எழுதவில்லை, சரி. போன எண்பது வருடத்தில் நாம் எழுதியிருக்கலாமே? அந்தப் படக்கூடத்தில் என்னைக் குத்தியது ஜப்பான்காரன் சொன்ன பொய்யைவிட இதுதான்.

அதனால் டோக்கியோவுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு, நம் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து, யாரோடு, திரும்பி வந்தாரா என்று கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாது, பெரும்பாலும் அத்தைக்குத் தெரியும். போனவருடைய அப்பா பேர், கங்காணி பேர், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். நேதாஜியின் ராணுவத்தில் போனவராக இருந்தாலும் கேளுங்கள், இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கலாம்.

என் பூட்டன் பெயர் முனியாண்டி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். நான் ஒரு கணக்கு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், முதல் வரி அவர். நம் விடுதி மாடியிலேயே இன்னும் நான்கு பேர் வீட்டிலிருந்து பெயர் வந்திருக்கிறது. ஒருவர் அண்ணன் தம்பி மூன்று பேராகப் போனவர், ஒருத்தி தன் புருஷனைத் தேடிக்கொண்டு தானும் கூடவே போனவள்.

யூஷூகான் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4:30-க்கு மூடுகிறது. குதான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி 1-ஆம் வாசலில் ஏறினால் பெரிய தோரண வாயில் கண்ணில் படும். வணங்க வேண்டியதில்லை, நான் வணங்கவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், படக்கூடத்துக்கு நேரம் பிடிக்கும். அகிஹபாரா ராத்திரியிலும் திறந்திருக்கும்.

பெயர்களை எனக்கு அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து ஊர்ப் பெயர் போதும்.

அன்புடன்,
உங்கள் அக்கா